வலிப்பு மாத்திரையும் மாதவிலக்குக் கணக்கும்: பெண்களுக்கான வழிகாட்டி

வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெண்ணின் உடம்பை இரண்டு மருத்துவர்கள் ஆளுக்குப் பாதியாகப் பார்க்கிறார்கள். கடைசியாக எப்போது ஃபிட்ஸ் வந்தது என்று நரம்பியல் மருத்துவர் கேட்பார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்க, கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் அவருக்குப் பெரும்பாலும் நேரம் இருக்காது. நாள் தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்று மகளிர் மருத்துவரிடம் போனால், ஸ்கேன் எடுத்து நீர்க்கட்டி என்று சொல்லி ஹார்மோன் மாத்திரை எழுதித் தருவார். பத்து வருடமாகச் சாப்பிட்டு வரும் வலிப்பு மாத்திரையின் பெயர் அந்தச் சீட்டில் இருக்காது. இரண்டு பாதியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக்கூடியவர் அந்தப் பெண் ஒருவரே. அதை எப்படிச் செய்வது, எதைக் குறித்து வைப்பது, எந்த மருத்துவரிடம் எதைக் கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம்; அதில் உயிரே போகலாம். நீர்க்கட்டியோ தள்ளிப்போன மாதவிலக்கோ சில மாதங்கள் பொறுத்துச் சரிசெய்யக்கூடியவை. மருந்தை மாற்றுவதானால், புதியதைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பழையதைச் சிறிது சிறிதாக இறக்கி, மருத்துவரின் மேற்பார்வையில்தான் மாற்ற வேண்டும்.

எது எதைப் பாதிக்கிறது

மாதவிலக்கை நடத்தும் உத்தரவு மூளையிலிருந்து புறப்படுகிறது. ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சினைப்பையைத் தூண்டுகிறது. வலிப்பு மிகுதியாகத் தோன்றும் இடங்களில் ஒன்றான டெம்போரல் மடல், ஹைப்போதலாமஸுடன் நேரடித் தொடர்பு உடையது. ஆகவே மருந்தே சாப்பிடாத பெண்ணுக்கும் வலிப்பு நோயின் காரணமாகவே கருமுட்டை வெளிவராத மாதங்கள் வரலாம். மருந்து இதற்கு மேல் தன் பங்கைச் சேர்க்கிறது. எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டு: ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் மூளை நரம்புகளைக் கிளர்த்தக்கூடியது, புரோஜெஸ்டிரோன் என்னும் இன்னொரு பெண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் அவற்றை அமைதிப்படுத்தக்கூடியது. மாதவிலக்கு நெருங்கும்போது புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்குவதால், சில பெண்களுக்கு அந்த நாட்களில் வலிப்பு கூடுகிறது.

மருந்துகளில் முதலில் பேச வேண்டியது வால்ப்ரோயேட். 1993இல் பின்லாந்தின் ஓலு நகர மருத்துவர்கள் வலிப்பு நோயுள்ள 238 பெண்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைதான் இந்த விஷயத்தை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. வால்ப்ரோயேட் மட்டும் சாப்பிட்டவர்களில் 43 சதவீதத்தினருக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருந்தன. இருபது வயதுக்கு முன்பே அந்த மருந்தைத் தொடங்கியவர்களில் 80 சதவீதத்தினருக்கு நீர்க்கட்டியோ ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோன் மிகுதியோ இருந்தது. அந்த மருந்தை மட்டும் சாப்பிட்டவர்கள் அந்த ஆய்வில் சிலரே என்பதால் எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் வால்ப்ரோயேட் உடல் எடையையும் இன்சுலினையும் கூட்டுகிறது, சினைப்பையில் ஆண்ட்ரோஜன் உற்பத்தியைத் தூண்டுகிறது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதே குழு 1998இல், வால்ப்ரோயேட்டிலிருந்து லாமோட்ரிஜினுக்கு மாற்றப்பட்ட பெண்களுக்கு ஓராண்டுக்குள் இன்சுலினும், ஆண்ட்ரோஜன்களில் முக்கியமான டெஸ்டோஸ்டிரோனும் இறங்கியதைக் காட்டியது. பாதிப்பு பெருமளவு மீளக்கூடியது என்பதால் இந்தச் செய்தி முக்கியமானது.

இன்னொரு கூட்டம் கல்லீரலை முடுக்கிவிடும் மருந்துகள். ஃபீனிடாயின், ஃபீனோபார்பிடால், பிரிமிடோன், கார்பமாசெபைன் ஆகியவை கல்லீரல் நொதிகளைக் கூடுதலாக வேலை செய்ய வைப்பதால், உடம்பின் சொந்த ஹார்மோனும் வெளியிலிருந்து சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையும் வேகமாகக் கழிந்துபோகின்றன. ஆக்ஸ்கார்பசெபைனும், நாளுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் போகும் டோபிராமேட்டும் ஓரளவு இதையே செய்கின்றன. இந்த மருந்துகள் எஸ்.எச்.பி.ஜி. என்னும், ஹார்மோனைக் கட்டிப்போடும் புரதத்தையும் இரத்தத்தில் கூட்டுகின்றன. ஹார்மோன் அளவு தாளில் சரியாகத் தெரிந்தாலும் உடம்பு பயன்படுத்தக்கூடிய பங்கு குறைந்திருக்கும். காம இச்சை குறைவதற்கும் மாதவிலக்கு ஒழுங்கின்மைக்கும் இது ஒரு காரணம். லெவெட்டிராசெட்டம், லாமோட்ரிஜின் ஆகிய இரண்டும் ஹார்மோன் விஷயத்தில் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்பது. பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. என்கோரேட், வால்பாரின் இரண்டும் வால்ப்ரோயேட், எப்டாயின் ஃபீனிடாயின், டெக்ரிட்டால் கார்பமாசெபைன், கார்டினால் ஃபீனோபார்பிடால், லெவிபில் லெவெட்டிராசெட்டம். மருந்துக் கடையில் வேறு நிறுவனத்தின் அட்டையைத் தந்தாலும் இந்தப் பொடி எழுத்தைப் பார்த்தால் குழப்பம் வராது. ஒற்றைத் தலைவலிக்கும் மனநலக் கோளாறுக்கும்கூட வால்ப்ரோயேட் தரப்படுவதால், வலிப்பே இல்லாத பெண்களும் இந்த வரியைப் படித்துக்கொள்வது நல்லது.

நோட்டு

வலிப்புக்குத் தனிக் குறிப்பு, மாதவிலக்குக்குத் தனிக் காலண்டர் என்று வைத்திருப்பவர்கள் உண்டு. அதனால் பயன் குறைவு. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் தொடர்பு கண்ணில் படும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இரத்தப்போக்கு தொடங்கும் நாளை 'நாள் 1' என்று எழுதி, அடுத்த முறை இரத்தம் காணும்வரை தேதியுடன் எண்ணைத் தொடர வேண்டும். இலேசாகக் கறைபடுவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். துணியோ நாப்கினோ வைக்க வேண்டிய அளவு வரும் நாளே முதல் நாள். வலிப்பு வந்த நாளில் நேரம், எவ்வளவு நீடித்தது, பார்த்தவர் சொன்ன விவரம், முந்தைய இரவுத் தூக்கம், மாத்திரை தவறியதா என்பவை இருக்க வேண்டும். ஒருவரின் நோட்டு இப்படி இருக்கலாம்:

மே 3, நாள் 1. மாத்திரை இரு வேளையும் சரி.
மே 4, நாள் 2. விடியற்காலை 4.30, கைகால் இழுப்பு, இரண்டு நிமிடம், நாக்கு கடிபட்டது. முந்தைய இரவு கல்யாண வீடு, தூக்கமில்லை.
மே 30, நாள் 28. காலை காபி குடிக்கையில் அரை நிமிடம் வெறித்த பார்வை, அம்மா பார்த்தார். மாத்திரை தவறவில்லை.
மே 31, நாள் 1.
ஜூன் 26, நாள் 27. மாலை 6 மணி, வெறித்த பார்வை, பிறகு சிறிது நேரம் பேச்சுக் குழறல். மாத்திரை தவறவில்லை.
ஜூன் 28, நாள் 1.

இதில் முதல் வலிப்புக்குத் தூக்கக்கேட்டைக் காரணம் சொல்லலாம். மற்ற இரண்டுக்கும் அப்படி ஒன்றும் இல்லை. மூன்றுமே இரத்தப்போக்கு தொடங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்கள், பிந்தைய மூன்று நாட்கள் என்ற இடைவெளிக்குள் விழுந்திருக்கின்றன. மாதவிலக்கையொட்டிய வலிப்பில் மிகவும் பரவலான வகை இதுதான். கருமுட்டை வெளிவரும் நாட்களைச் சுற்றி, அதாவது 28 நாள் சுழற்சியில் ஏறத்தாழ 10 முதல் 15ஆம் நாள் வரை, கூடுவது இரண்டாவது வகை. கருமுட்டை சரியாக வெளிவராத மாதங்களில் சுழற்சியின் பிற்பாதி முழுவதும் கூடியிருப்பது மூன்றாவது. வலிப்பு நோயுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இவற்றில் ஏதோ ஒன்று காணப்படுகிறது.

மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள் எவை என்பது அது வந்த பிறகுதான் தெரியும் என்பதால், முதல் நாள் வந்ததும் பின்னோக்கி எண்ணிக் குறியுங்கள். ஒரு மாதத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். குறைந்தது மூன்று சுழற்சிகளை எழுதி, அவற்றில் இரண்டிலாவது அதே இடத்தில் வலிப்பு கூடியிருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் நோட்டைத் திறந்து காட்டுங்கள். ஒழுங்காக மாதவிலக்கு வருபவர்களுக்கு அந்தச் சில நாட்களில் மட்டும் குளோபசாம் என்னும் வலிப்பு மருந்தைக் கூடுதலாகத் தருவதுண்டு. புரோஜெஸ்டிரோன் சிகிச்சையும் உண்டு. ஆனால் 2012இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில் மொத்தமாகப் பார்த்தபோது அதற்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு தெரியவில்லை, மாதவிலக்கை ஒட்டி வலிப்பு மிகவும் கூடிய பெண்களுக்கு மட்டுமே பயன் தெரிந்தது. நோட்டு இல்லாமல் அந்தப் பெண்களை அடையாளம் காண வழியே இல்லை.

நோட்டில் வயிற்றுவலி மாத்திரைக்கும் ஓர் இடம் கொடுங்கள். மாதவிலக்கு வலிக்கென்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் மெஃப்டால் வகை மாத்திரைகளில் உள்ள மெஃபனமிக் அமிலம், அளவு மிஞ்சினால் வலிப்பைத் தூண்டக்கூடியது. உங்களுக்கு அது ஏற்றதா, வேறு எதைச் சாப்பிடலாம் என்பதை ஒருமுறை கேட்டு அட்டையின் மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது பரிசோதனை, எந்த நாளில்

21 நாளுக்குள் வந்துவிடுகிறது, அல்லது 35 நாளைத் தாண்டுகிறது, ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வருகிறது. முகவாயிலும் மார்பிலும் முடி, விடாத பரு, உச்சந்தலையில் முடி மெலிதல். மருந்து தொடங்கிய பின் சில மாதங்களில் எடை ஏற்றம். இவற்றில் ஒன்றிருந்தாலும் பரிசோதனை கேட்கலாம். பூப்பெய்தி முதல் சில ஆண்டுகளுக்கு மாதவிலக்கு முன்னே பின்னே வருவது எல்லாப் பெண்களுக்கும் இயல்புதான். பள்ளிப் பெண்ணுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனதும் மாத்திரையின் மேல் பழி போட வேண்டாம்.

எந்த நாளில் இரத்தம் கொடுக்கிறோம் என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., அவற்றுடன் டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றை மாதவிலக்கின் 2ஆம் நாளுக்கும் 5ஆம் நாளுக்கும் இடையில் பார்க்க வேண்டும். கருமுட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரோஜெஸ்டிரோனை, அடுத்த மாதவிலக்கை எதிர்பார்க்கும் நாளுக்கு ஏறத்தாழ ஏழு நாள் முன்பு பார்க்க வேண்டும். 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 28ஆம் நாள், எல்லோருக்கும் 21ஆம் நாள் என்பதில்லை. பால் சுரக்க வைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டின், வலிப்பு வந்த சில நிமிடங்களில் தானாகவே உயர்ந்து பின் இறங்கும். ஆகவே அன்று ஃபிட்ஸ் வந்திருந்தால் வேறொரு நாள் இரத்தம் கொடுங்கள். இல்லையென்றால் இல்லாத பிட்யூட்டரிக் கட்டியைத் தேடி எம்.ஆர்.ஐ.வரை போக நேரிடும்.

டெஸ்டோஸ்டிரோனுடன் எஸ்.எச்.பி.ஜி. அளவையும் சேர்த்துக் கேளுங்கள். கார்பமாசெபைன், ஃபீனிடாயின் சாப்பிடுபவருக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோன் மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். தைராய்டிலும் இதே சிக்கல் உண்டு: கார்பமாசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன், ஃபீனிடாயின் ஆகியவை தைராக்சின் அளவைக் குறைத்துக் காட்டலாம், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். சரியாக இருந்தால் பொதுவாகத் தைராய்டு மாத்திரை தேவைப்படாது. ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிந்ததாலேயே பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய் ஆகிவிடாது, ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் நீர்க்கட்டி ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், மற்ற காரணங்கள் இல்லையென்றும் தெரிய வேண்டும்.

பி.சி.ஓ.எஸ். என்று உறுதியானால், மகளிர் மருத்துவர் மாத்திரை எழுதும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "நான் சாப்பிடும் வலிப்பு மருந்தை மாற்ற முடியுமா என்று நரம்பியல் மருத்துவருக்கு இரண்டு வரி எழுதித் தருவீர்களா?" வால்ப்ரோயேட்டைத் தொடர்ந்துகொண்டே நீர்க்கட்டிக்கு மருந்து சாப்பிடுவது வீட்டுக்குள் குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைப்பது போன்றது. மாற்ற முடியாத நிலையும் உண்டு. சில வகை வலிப்புக்கு வால்ப்ரோயேட் அளவுக்கு வேறெதுவும் கேட்பதில்லை. அப்போது எடையைக் கட்டுப்படுத்துவதும் மற்ற சிகிச்சையும்தான் வழி. அதையும் இரு மருத்துவரும் அறிந்து செய்ய வேண்டும்.

கருத்தடையும் நாள் தள்ளும் மாத்திரையும்

கல்லீரலை முடுக்கும் மருந்து சாப்பிடுபவர் மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. ஒரு வேளையும் தவறாமல் சாப்பிட்டாலும் கருத்தரிக்கலாம். கைத்தோலுக்கு அடியில் வைக்கும் ஹார்மோன் குச்சிக்கும் இதே குறை. காப்பர்-டி, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் ஆகிய இரண்டையும் எந்த வலிப்பு மருந்தும் பாதிக்காது. அரசு மருத்துவமனையில் 'அந்தரா' என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் பயன்தரும். நீண்ட காலம் போட்டால் எலும்பின் அடர்த்தி குறையும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அவசரக் கருத்தடைக்கு ஐந்து நாளுக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்வதே உறுதியானது. கடையில் வாங்கும் ஒற்றை மாத்திரை இந்த மருந்துகளோடு போதாமல் போகலாம். இரட்டை அளவு தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும்.

லாமோட்ரிஜினில் கதை தலைகீழ். அங்கே ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, இரத்தத்தில் உள்ள வலிப்பு மருந்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும். நான்கைந்து வருடம் வலிப்பே வராத பெண்ணுக்கு, பருவுக்கோ நீர்க்கட்டிக்கோ ஹார்மோன் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் ஃபிட்ஸ் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை. மாத்திரையை நிறுத்தினால் மருந்தின் அளவு மீண்டும் ஏறித் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரலாம் என்பதால், தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் நரம்பியல் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நம் வீடுகளில் கோயில் விசேஷத்துக்கும் கல்யாணத்துக்கும் நாளைத் தள்ளிப்போட நோரெத்திஸ்டிரோன் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது சர்வசாதாரணம். கல்லீரலை முடுக்கும் மருந்துகள் இதன் அளவையும் குறைப்பதால், விசேஷத்தன்றே இரத்தம் காணலாம். அதைவிடக் கவலைக்குரியது, அதே நாட்களில் விரதமும் இராத் தூக்கக்கேடும் மறந்துபோன மாத்திரையும் சேர்ந்துகொள்வது. நாளைத் தள்ளத்தான் வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். விசேஷ வீட்டுக்குக் கட்டும் பையில் வலிப்பு மாத்திரை முதலில் இருக்கட்டும்.

குழந்தை பற்றி யோசிக்கும்போது

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கான பதிவேட்டை நடத்தி வருகிறது. அதிலிருந்து 2010இல் வந்த ஆய்வில், குழந்தையை எதிர்பார்த்திருந்த 375 பெண்களில் 38 சதவீதத்தினர் கருத்தரிக்கவில்லை. மருந்தே சாப்பிடாதவர்களில் இது 7 சதவீதம். மூன்றோ அதற்கு மேலோ மருந்து சாப்பிட்டவர்களில் 60 சதவீதம். பல மருந்து தேவைப்படுபவரின் நோயும் கடுமையாக இருக்கும் என்பதால் முழுப் பழியும் மருந்துக்குப் போகாது. 2018இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், முன்பு குழந்தைப்பேற்றுச் சிக்கல் இல்லாத, வலிப்பு நோயுள்ள பெண்கள் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். ஆகவே வலிப்பு என்றாலே குழந்தை பிறக்காது என்று சொல்லும் உறவினரை நம்ப வேண்டாம். ஒரே மருந்தில், குறைந்த அளவில் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியுமா என்று மட்டும் மருத்துவரைக் கேளுங்கள்.

வால்ப்ரோயேட்டில் கருவுக்கான ஆபத்து வேறு எந்த வலிப்பு மருந்தையும்விடக் கூடுதல். பல நாடுகளின் கர்ப்பப் பதிவேடுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கணக்கில், பெரிய பிறவிக் குறைபாடு வால்ப்ரோயேட்டில் 10.3 சதவீதம், லாமோட்ரிஜினில் 2.9, லெவெட்டிராசெட்டத்தில் 2.8. குழந்தையின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். கருவின் முதுகுத்தண்டு உருவாகும் வாரங்களில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது என்பதால், மருந்தை மாற்றுவதும் ஃபோலிக் அமிலம் தொடங்குவதும் கருத்தரிக்கும் முன்பே நடக்க வேண்டும். வழக்கமாகக் குறைந்தது மூன்று மாதம் முன்பு. எதிர்பாராமல் கருத்தரித்துவிட்டால் அப்போதும் மாத்திரையை நிறுத்தாமல் அதே வாரம் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் லாமோட்ரிஜினும் லெவெட்டிராசெட்டமும் இரத்தத்தில் வேகமாக இறங்கும். அளவைக் கூட்ட நேரும், பிரசவத்துக்குப் பின் மறக்காமல் குறைக்கவும் நேரும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மறைத்துக் கல்யாணம் முடிக்கிறார்கள்; புகுந்த வீட்டில் மாத்திரை அட்டையை ஒளிக்க இடமில்லாமல் அந்தப் பெண் மாத்திரையையே விட்டுவிடுகிறாள். முதல் ஃபிட்ஸ் மாமியார் முன்னால் வருகிறது. வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணம் செல்லாது என்று சொல்ல இடம் தந்த சட்ட வாசகம் 1999இல் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் நீக்கப்பட்டுவிட்டது. நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுவதுதான், பிறகு வரும் கருத்தடை, கர்ப்பம் பற்றிய எல்லா முடிவுகளையும் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுக்க வழி.

நாற்பதுக்குப் பிறகு

மாதவிலக்கு நிற்கும் முன்னான ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவதால் வலிப்பு கூடலாம். மாதவிலக்கையொட்டி வலிப்பு வந்தவர்களுக்கு முற்றிலும் நின்றபின் குறைவதும் உண்டு. அடிக்கடி வலிப்பு வருபவர்களுக்கு மாதவிலக்கு சில ஆண்டுகள் முன்கூட்டியே நிற்கலாம் என்பதால், நாற்பதைத் தாண்டியும் நோட்டை நிறுத்த வேண்டாம். உடல் தகிப்புக்கு ஹார்மோன் சிகிச்சை பேசப்பட்டால், சிலவகை ஹார்மோன் மாத்திரைகள் வலிப்பைக் கூட்டியதாக ஆய்வு இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபீனிடாயின், ஃபீனோபார்பிடால், கார்பமாசெபைன், வால்ப்ரோயேட் ஆகியவற்றை நெடுங்காலம் சாப்பிட்டவருக்கு எலும்பு மெலிவதால், வைட்டமின்-டி அளவை ஆண்டுக்கொருமுறையாவது பார்த்து, எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். வலிப்பில் விழுபவருக்கு இடுப்பெலும்பு முறியும் ஆபத்து இரட்டிப்பாகச் சேர்கிறது.